விட்டுப்போன எட்டு மாத்திரைகள்

செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில் பதினேழாவது சமணத் தீர்த்தங்கரரை எண்ணும்போது எனக்கு மூச்சு முட்டியது. பாறையில் செதுக்கிய இருபத்துநான்கு உருவங்களையும் எண்ணி வணங்கிவிட்டு இறங்குவது என் வழக்கம். அன்று மீதி ஏழு உருவங்களை எண்ணாமல் உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால்கள் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

விழுப்புரத்து மருத்துவர் இதயத் தளர்ச்சி (இதயம் இரத்தத்தை வலுவாகத் தள்ள முடியாமல் போவது) என்றார். டிஜிடாலிஸ் (தளர்ந்த இதயத்தை நிதானமாக, அழுத்தமாகத் துடிக்கவைக்கும் மருந்து) தினம் ஒன்று. நீர் மாத்திரை (உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) தினம் ஒன்று. உப்பு கூடாது.

அன்று என் நாடி நிமிடத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு. ஒரு மாதத்தில் எண்பதுக்கு இறங்கியது. நன்றாகக் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சந்தோஷப்பட்டார். குறையக் குறைய நல்லது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என்னைப் போல் மாத்திரையில் உயிர் பிழைத்திருப்பவர்கள் அடுத்த வரியை இரண்டு தரம் படியுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபத்து என்று நான் கேட்கவே இல்லை.

மனைவி போன பிறகு செஞ்சியில் தனியாக இருந்தேன். வேர்க்கடலை மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு பழைய சின்ன கார் உண்டு. விழுப்புரத்தில் வாழும் மகள் பத்மாவதிக்கு நான் தனியாக இருப்பதும் பிடிக்கவில்லை, காரும் பிடிக்கவில்லை.

கோடியக்கரையைச் சரணாலயமாக்கி அதிக நாள் ஆகாத சமயம். மழைக்காலத்தில் அங்கே வெளிர்சிவப்புப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்குவதாகச் சொன்னார்கள். போய் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தனியாகவே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். பத்மாவதி சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"முழுசா திரும்பி வந்துட்டீன்னா நான் இனிமே வாயத் தொறக்கல நைனா. வழியில எதுனா ஆச்சுன்னா, காரை வித்துட்டு மறுபேச்சு பேசாம எங்கூட வந்துடணும்."

ஒப்புக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முன் சமணர்களான எங்களுக்குக் கார்த்திகை நந்தீஸ்வர நோன்பு வந்தது. எட்டு நாளும் ஒருவேளை உணவு. எதனால் செய்தது என்று தெரியாத எதையும் நோன்பு நாளில் வாயில் போடுவதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. நீர் மாத்திரைக்கு மட்டும், கால் வீக்கத்துக்குப் பயந்து, விலக்குக் கொடுத்தேன். டிஜிடாலிஸை நிறுத்தினேன். நோன்பு முடிந்தபோது எட்டு மாத்திரைகள் மிஞ்சி நின்றன. மாதக் கடைசியில் கணக்கு நேராக வேண்டும் என்று அன்றைய ஒன்றோடு இரண்டு சேர்த்து, தினம் மூன்றாக நான்கு நாள் விழுங்கினேன். மூன்றாம் நாள் காரை எடுத்தேன்.

கடலூரில் குமட்டல். பெட்ரோல் வாடை என்று நினைத்தேன். கொள்ளிடம் பாலம் தாண்டி நிறுத்தி நாடி பார்த்தேன். ஐம்பத்தெட்டு. மகிழ்ச்சியாக இருந்தது. நாகப்பட்டினத்தில் சத்திரத்தில் தங்கினேன். சோறு இறங்கவில்லை. காலையில் கடைசி மூன்றையும் விழுங்கிவிட்டு விரலை மணிக்கட்டில் வைத்தேன். நாற்பத்தாறு. அதுவும் நாலு துடித்து ஒன்று விட்டது. விட்ட இடத்தில் அடுத்தது வருமா என்று காத்திருந்த நேரம் மிக நீளமாக இருந்தது.

அங்கேயே மருத்துவரைப் பார்த்திருக்கலாம். பார்த்தால் பத்மாவதி ஜெயித்துவிடுவாள் என்று வண்டியை எடுத்தேன். வேதாரண்யம் வரை எதிரே வந்த வெள்ளை வேட்டிகள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன.

கோடியக்கரையில் வனக்காவலர் ஒருவர் சதுப்பு ஓரமாக அழைத்துப்போனார். தண்ணீருக்குள் நீண்ட கால்களை ஊன்றி நின்றிருந்தன பறவைகள். எல்லாம் மஞ்சள். பூநாரை மஞ்சளாகவா இருக்கும் என்று கேட்டேன்.

"மஞ்சளா? மஞ்சத் தண்ணி விளையாடிட்டு வந்திருக்கும், பெரியவரே" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். எண்ணத் தொடங்கினேன். முப்பது வரை போனது நினைவிருக்கிறது. பிறகு முழங்கால் சேற்றில் இருந்தது, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

காவலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. உப்பு ஏற்றிப் போன லாரியை மறித்து என்னை மூட்டைகளின் மேல் கிடத்தி, வேதாரண்யத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கூடாது என்று சொன்ன உப்பின் மேலேயே படுத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க விரல் மணிக்கட்டில். இதயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அங்கிருந்த இளம் டாக்டர் மார்பில் குழாயை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு சுவரைக் காட்டி என்ன நிறம் என்றார். மஞ்சள் என்றேன். அவர் நர்ஸைப் பார்த்தார். அது சுண்ணாம்பு அடித்த சுவர்.

"டிஜிடாலிஸ் எத்தனை போடுறீங்க ஐயா?"

தினம் ஒன்று, மாதக் கணக்கு சரியாக இருக்கிறது என்றேன். இந்த வாரம் எத்தனை என்று விடாமல் கேட்டார். நோன்பைச் சொன்னேன், மூன்று மூன்றாகப் போட்டதையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விட்டது விட்டதுதான் ஐயா. சேத்துப் போட்டா அது மருந்து இல்ல, விஷம். கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியறதும் அதனாலதான். உங்க நெஞ்சு கெடல. நீங்கதான் அதை நிறுத்தப் பாத்தீங்க."

நீர் மாத்திரையும் பட்டினியும் உடம்பிலிருந்த பொட்டாசியத்தை (துடிப்பைச் சீராக வைக்கும் ஒருவகை உப்பு) வடித்துவிட்டன, அதனால் விஷம் இரட்டிப்பாகப் பிடித்தது என்று விளக்கினார். இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார். பொழுது சாய்ந்த பிறகு பொட்டாசியம் கரைத்த தண்ணீரை நீட்டினார்கள். அறுபத்தெட்டு வயது வரை, சமண ஒழுங்குப்படி, பொழுது சாய்ந்தபின் எதையும் விழுங்காதவன் வாங்கிக் குடித்தேன்.

தந்தி கிடைத்து மறுநாள் பத்மாவதி வந்தாள். திட்டவில்லை. கார்ச் சாவியைக் காவலரிடம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறவரை ஊர் திரும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் ஒரு வெள்ளைத் துண்டை என் முன் விரித்தாள்.

"இது இன்னா நிறம் நைனா?"

மூன்றாம் நாள் நாடி ஐம்பத்தாறு, துடிப்பு விடுவது நின்றிருந்தது. வெள்ளை என்று சொன்னால் போதும், படுக்கையிலிருந்து தப்பிக்கலாம். செஞ்சி வீடும் எனக்குத் தங்கலாம். சொல் நாக்கு வரை வந்தது. என் எண்களை நம்பி நான் வந்து சேர்ந்த இடம் இந்தக் கட்டில் என்று அப்போது தோன்றியது.

"மஞ்சள்தான்மா" என்றேன்.

அவள் துண்டை மடித்தாள். "பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

எட்டாம் நாள் துண்டு வெள்ளையாக இருந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. கார் விற்கப்பட்டது, அது நாங்கள் முன்பே பேசிக்கொண்டது. செஞ்சி வீட்டைப் பற்றி அவளே சொன்னாள்: "அங்கியே இரு. நோன்பு வந்தா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பு." பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தேன். வழியில் நாடியைத் தொடவில்லை.

இப்போது குறைந்த அளவில் அதே மாத்திரை, நோன்பு நாளிலும் உண்டு. இருந்தும் எப்போதாவது மறந்துபோகிறது. முன்பெல்லாம் போன நாள் என்பது எனக்குத் திரும்பப் பிடிக்க வேண்டிய ஒன்று. உடம்புக்கு அப்படி இல்லை. அது இன்றைக்கு மட்டுமே வாங்கிக்கொள்கிறது. மறந்த நாளுக்கு மறுநாள் காலை ஒரே ஒரு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடுகிறேன். மூடும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. மூடிவிடுகிறேன்.