பல் எண்ணும் பஞ்சநாதன்

“வாயத் தொறங்க” என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் உதட்டைப் பிரிப்பதற்குள் “சரி, மூடுங்க” என்பதும் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற அந்த ஒரு நொடியில் கம்பவுண்டர் பஞ்சநாதன் பல்லை எண்ணி, ஈறைச் சோதித்து, சொத்தை எத்தனை, ஆட்டம் எத்தனை என்று கண்டுபிடித்து ரிஜிஸ்தரில் எழுதியும் முடித்திருப்பார். மூன்று முழம் தள்ளித்தான் நிற்பார். மூக்கில் நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டை இருக்கும். கண் ரிஜிஸ்தரைவிட்டு அகலாது. அவர் பிறர் வாயைப் பார்க்கிறார் என்பதற்கு அவர் வாய்தான் ஒரே சாட்சி.

அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டில் இரண்டு மைல் தள்ளி ஒரு வயோதிகர் விடுதி இருக்கிறது. காலமான மிராசுதார் ஒருவர் எழுதிவைத்த தர்மம். அவர் மனைவி சுந்தராம்பாள் அம்மாள் திருச்சியில் இருந்துகொண்டே அதை நடத்திவருகிறார். நாதியற்ற கிழவர் கிழவிகள் இருபத்தாறு பேர். சமையலுக்கு அம்சவள்ளி, மருந்துக்குப் பஞ்சநாதன். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், எழுதத் தெரியாதவர்களுக்குத் தபால் கார்டு எழுதிக் கொடுப்பேன்.

பஞ்சநாதனுக்கு வயது ஐம்பத்தெட்டு. வெயில் கொளுத்தும் சித்திரையிலும் மூடுகழுத்துக் கோட்டு போட்டிருப்பார். வேறெங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கலந்து கொடுத்தவர். நோயாளிகளிடம் அவருக்குப் பெரிய பிரியம் கிடையாது. நோயாளிகளைப் பற்றி எழுதுவதில்தான் பிரியம். பல் ரிஜிஸ்தருக்குக் காலிகோத் துணியில் உறை தைத்து வைத்திருந்தார். பல்லுக்குக் கறுப்பு மசி, சொத்தைக்குச் சிவப்பு மசி. ரூல்தடி வைத்துக் கோடு போடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

பல்லே இல்லாதவர்களுக்கு இங்கிலீஷில் ‘நில்’ என்று எழுதுவார். எழுதும்போது உரக்கச் சொல்லிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. ஒருநாள் அரியமுத்து என்ற கிழவர், காதில் “நில்” என்று விழுந்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். கம்பவுண்டர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். நான் போனபோது அரியமுத்து அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

“என்ன பெரியவரே, ஏன் நிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“கம்பவுண்டரய்யா நிக்கச் சொன்னாருங்க. பல்லு மொளைக்க வைக்கிற வைத்தியமாட்டம் இருக்கு” என்றார்.

மற்றொரு முறை நானே ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்தேன். சின்னப்பிள்ளை என்ற கிழவிக்கு மாசி மாதம் பன்னிரண்டு பல், பங்குனியில் பதினான்கு. எண்பது வயதில் இரண்டு பல் எப்படிக் கூடியது என்று கேட்டேன். பஞ்சநாதன் கொஞ்சமும் அசையவில்லை. “நம்ம கவனிப்பு அப்புடி சார்” என்றார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அரிசிப் பஞ்சம் வரும்வரை. யுத்தத்தால் ரேஷன் வந்து, விடுதிக்கு வருகிற அரிசி பாதியாகக் குறைந்தது. என்ன செய்வது என்று சுந்தராம்பாள் அம்மாள் கடிதம் எழுதிக் கேட்க, பஞ்சநாதனே யோசனை சொன்னார். பல் இல்லாதவர்களுக்கு அரிசி நொய்க் கஞ்சி; பல் உள்ளவர்களுக்குச் சோளச்சோறு. யாருக்குப் பல் இருக்கிறது என்பதை ரிஜிஸ்தர் சொல்லும். அம்மாள் சம்மதித்தார். அன்று முதல் பஞ்சநாதன் நடையே மாறிவிட்டது. “இனிமே நான் எழுதுறதுதான் இங்க சோறு” என்று என்னிடமே சொன்னார்.

ரிஜிஸ்தரில் மருதாயிக்கு இருபத்திரண்டு பல். ‘கெட்டி’ என்று பக்கத்தில் குறிப்பு வேறு.

மருதாயி செந்துறைப் பக்கத்துக் காடுகளில் கூலிக்குச் சோளம் அறுத்தே கிழவியானவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தை மாதத்தில் அவள் இடது கன்னம் வீங்க ஆரம்பித்தது. முந்தானையால் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். சோளச்சோற்றைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாற்றை மட்டும் உறிஞ்சுவாள். சக்கையைக் காக்கைக்குப் போட்டுவிடுவாள். பத்து நாளில் அவளுடைய தோள் எலும்பு இரண்டும் துணி மாட்டுகிற முளைக்குச்சி மாதிரித் துருத்திக்கொண்டன.

“வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே, ஆத்தா?” என்று கேட்டேன்.

“சொன்னா, சீக்குக்காரின்னு வெளிய தள்ளிட்டாங்கன்னா எங்கங்க போவேன்? எனக்கென்ன வூடா இருக்கு?” என்றாள். வாயை அதிகம் திறக்காமலே பேசினாள். பேசி முடித்ததும் கண்ணில் நீர் வந்தது. வலியாலோ வேறெதனாலோ, தெரியவில்லை.

அம்சவள்ளி ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணம் கஞ்சியை அவளுக்குக் கொடுத்தாள். பஞ்சநாதன் பார்த்துவிட்டார்.

“யாரைக் கேட்டுக் கொடுத்த?”

“மென்னு திங்க முடியலைங்க. கொஞ்சம் அவ வாயத்தான் பாருங்களேன்.”

“வாயப் பாத்துத்தானே எழுதியிருக்கேன்! ரிஜிஸ்தர்ல பல்லு இருக்கு. பல்லு இருக்கிறவளுக்குக் கஞ்சி கெடையாது.”

கிண்ணத்தை அவரே வாங்கி வைத்துவிட்டார். பிறகு சிவப்பு மசியில், அழகான முத்து எழுத்தில் எழுதினார்: ‘மருதாயி. சாப்பாட்டில் பிடிவாதம். கண்டிக்கப்பட்டது.’

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் அம்சவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் கார்டு எழுதச் சொன்னதே இல்லை.

“எழுதுங்க வாத்தியாரய்யா. திருச்சி அம்மாவுக்கு. எங்களுக்கு எழுதத் தெரிஞ்ச ஆளு இருக்காரு, வாயப் பாக்கத் தெரிஞ்ச ஆளா ஒருத்தர அனுப்புங்கன்னு எழுதுங்க.”

“கம்பவுண்டருக்குத் தெரிஞ்சா உன் வேலைக்கே ஆபத்து” என்றேன்.

“போனாப் போவுது. இல்லேன்னா அடுத்த வாரம் மருதாயி பொணத்த நான் குளிப்பாட்டணும் பாருங்க” என்றாள். நான் அவள் சொன்னபடியே, ஒரு எழுத்தை மாற்றாமல் எழுதினேன்.

நாலாம் நாள், பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸில் ஒரு லேடி டாக்டர் வந்து இறங்கினார். உயரமான அம்மாள், மரியாதையாகத்தான் பேசினார். நானும் சேதி கேட்டுப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடினேன். பஞ்சநாதன் ரிஜிஸ்தரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மருதாயியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, முந்தானைக் கட்டைத் தானே அவிழ்த்தார். டார்ச் விளக்கை அடித்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். கீழ்வரிசையில் முன்னால் மூன்று பல். இடது கோடியில் புழுத்துப்போன கடைவாய்ப்பல் ஒன்று. அதைச் சுற்றிலும் சீழ். அவ்வளவுதான்.

“இருபத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்களே. மீதி எங்கே?” என்றார் டாக்டர்.

“போன வாரம் வரைக்கும் இருந்துச்சுங்க, டாக்டரம்மா” என்றார் பஞ்சநாதன்.

டாக்டர் டார்ச்சை அவர் கையில் கொடுத்து, “இங்கே வந்து பிடிங்க” என்றார். முதல்முறையாகப் பஞ்சநாதன் ஒரு வாய்க்குள் பார்த்தார். டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கைக்குட்டையை எடுக்க அவருக்குக் கை ஒழியவில்லை. டாக்டரின் குறடு பல்லைப் பற்றியபோது மருதாயி கத்தவில்லை. அம்சவள்ளியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பல் வந்தது, பின்னோடு சீழும் வந்தது. நெற்றி வேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, “அம்மா!” என்று கத்தியவர் கம்பவுண்டர்தான்.

இருபத்தாறு பேரையும் டாக்டர் அன்றே பார்க்க நேரமில்லை. பஸ் ஏறுமுன் கண்டிப்பாகச் சொன்னார்: எல்லாருக்கும் மறுபடி எண்ண வேண்டும், கண்ணால் அல்ல, விரலால். மருதாயிக்கு இன்றே கஞ்சி. பஞ்சநாதன் தலையாட்டிவிட்டு, அவர் கண்முன்னாலேயே ரிஜிஸ்தரில் ஒரு வரி சேர்த்தார். ‘உதிர்ந்தவை: பதினெட்டு.’ பக்கத்தில் அன்றைய தேதி.

உப்பு வெந்நீரிலும் நொய்க் கஞ்சியிலும் மருதாயி இரண்டு வாரத்தில் தேறினாள். கன்னத்து வீக்கம் வற்றி, பழைய முகம் வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சநாதன் புது எண்ணிக்கையைத் தொடங்கினார். கோட்டுக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, விரலைத் தைலத்தில் தோய்த்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு வாயாக விட்டு எடுத்தார். மருதாயியின் முறை வந்தது.

“வாயத் தொற” என்றார்.

திறந்தாள். அவர் விரல் உள்ளே போனது. அவள் மூடிக்கொண்டாள்.

“ஐயோ! விடு! விடு!”

மருதாயி அவசரப்படவில்லை. அரியமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். சின்னப்பிள்ளைக்குச் சிரிப்பில் புரையேறியது. உள்ளே அடுப்படியில் அம்சவள்ளி எதற்கோ முதுகைத் திருப்பிக்கொண்டாள். மெதுவாக விட்டுவிட்டு, மருதாயி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டாள்:

“எண்ணிக்கிட்டீங்களாய்யா?”

பஞ்சநாதன் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். அடிப்பக்கம் பதிந்திருந்த தடங்களை உதடு அசைய ஒருமுறை எண்ணினார். சந்தேகம் தீர மறுபடியும் எண்ணினார். பிறகு மசியில் பேனாவைத் தோய்த்து, குனிந்து, எழுதினார்: மூன்று.