இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் எங்கள் பூனை

ஜோகூரில் குளிர்காலம் உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஜனவரியில் எங்கள் ஊரான லாயாங் லாயாங்குக்கு வந்து பார்க்க வேண்டும். நான்கு நாள் மழை விடாமல் ஊற்றும். காரில் இருக்கும் வெப்பமானி இருபத்திரண்டு காட்டும். அவ்வளவுதான், ஊரே இமயமலை ஏறக் கிளம்பியதுபோல் உடுத்திக்கொள்ளும். காப்பிக் கடைக்கு ஒருவர் காலுறை போட்டு அதன்மேல் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். “எப்ப கனடாவுலேர்ந்து வந்தீங்க?” என்று கேட்டேன். மனுஷர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

என் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். என் மனைவி ஒரு பூனை வளர்க்கிறாள். ஒன்பது வயது ஆண் பூனை, சாம்பல் நிறம், அரிசி மூட்டைக் கனம், வேலை வெட்டி கிடையாது. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபின் அவளுக்கு வீட்டில் மிச்சமிருந்த பிள்ளை அதுதான். ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் மரியாதையோடு. “தம்பி சாப்பிட்டாங்களா?” என்று என்னிடம் விசாரிப்பாள். பாசிர் கூடாங்கில் காலமெல்லாம் ஷிப்ட் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். நான் சாப்பிட்டேனா என்ற கேள்வி அதற்கப்புறம் வரும், வந்தால்.

குளிர்காலத்தில் செல்லப் பிராணிகளைப் பராமரிப்பது எப்படி என்று யாரோ ஒரு புண்ணியவான் அவளுக்கு வாட்சாப்பில் வீடியோ அனுப்பியிருந்தான். பனி மூடிய ஏதோ ஓர் ஊரில் எடுத்தது. அதில் வரும் வெள்ளைக்காரி சொன்னதையெல்லாம் இவள் செய்தாள். பனியில் நடந்த பாதங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைக்க வேண்டுமாம், துடைத்தாள். பனி எங்கே என்று கேட்டேன். “பேசாம இருங்க லா,” என்றாள். சில்லென்ற தரையில் படுக்க விடக் கூடாதாம். என் சாய்வு நாற்காலி பூனைக்குப் போயிற்று. கேமரன் மலைக்குப் போனபோது நான் வாங்கிய ஸ்வெட்டரின் கையை வெட்டி, ஓட்டை போட்டு, அதற்கு மாட்டிவிட்டாள். பூனை அரை மணி நேரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, ‘அம்மாவுக்கு முற்றிவிட்டது’ என்று எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த வீட்டில் அறிவோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்தாம் நாள் காலை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். பூனை இரண்டு முறை தும்மியது. மூக்கில் கொஞ்சம் நீர். வீடியோவைத் தேடிக்கொண்டிருக்க நான் என்ன என் மனைவியா? எங்கள் ஆட்களுக்குத் தைலம் ஒன்று போதும். தலைவலிக்குத் தைலம், வயிறு உப்பினால் தொப்புளில் தைலம், பஸ் பயணத்துக்குக் கைக்குட்டையில் தைலம், சாவு வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால் மூக்கில் தைலம். என் பிள்ளைகள் தைலத்திலேயே ஊறி வளர்ந்தவர்கள். பூனை மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்ததா? ஸ்வெட்டரைக் கழற்றி, நெஞ்சிலும் கழுத்திலும் நான்கு பாதங்களிலும் யூகலிப்டஸ் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தேன். பூனை பாதத்தை நக்கிக்கொண்டே நாற்காலிக்கு அடியில் போயிற்று. நான் செய்தித்தாளை எடுத்தேன்.

அவள் மீன் பையோடு திரும்பி வந்து, “தம்பி,” என்று கூப்பிட்டாள். வரவில்லை. குனிந்து பார்த்தவள் பையைக் கீழே போட்டாள். பூனையின் வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது. பின்னங்கால்கள் வழுக்கி மறுபடி விழுந்தது. உடம்பெல்லாம் நடுக்கம்.

“அலமாக்! என்னங்க, என்ன ஆச்சு இவங்களுக்கு?”

தைலம்தான் என்று எனக்கு உடனே உறைத்தது. வாய் மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது. “நேத்து மிச்ச மீனக் குடுத்தியே, அதான். சொன்னா கேக்குறியா நீ?”

குளுவாங்கில் இருக்கும் மிருக மருத்துவரிடம் அந்த மழையில் போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடித்தது. பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“காருல தைல வாசமா அடிக்குதே?” என்றாள்.

“எனக்குத் தலைவலி. தடவிக்கிட்டேன்.”

“பாவம், தலைவலியோட இந்த மழையில ஓட்டுறீங்க.”

நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். பூனை செத்துவிடுமோ என்று பயமாக இருந்தது; நான் செய்தது தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மருத்துவர் இளம் மலாய்ப் பெண். பூனையை மேசையில் கிடத்தி, என்ன சாப்பிட்டது என்று மலாயில் கேட்டார். என் மனைவி அழுதுகொண்டே பழியையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மிச்ச மீனைக் கொடுத்தது தான்தான், கணவர் எவ்வளவோ சொன்னார், தான்தான் கேட்கவில்லை என்று. மருத்துவர் பூனையின் கழுத்தருகே குனிந்து முகர்ந்தார். எண்ணெய் ஏதும் தடவினீர்களா என்று கேட்டார்.

“இல்ல டாக்டர், அது இவரு தடவிக்கிட்ட தைலம்,” என்றாள் அவள். “இவரு அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு. ஸ்வெட்டர் போட்டதுக்கே என்னயக் கிண்டல் பண்ணவரு.”

மருத்துவர் மீனைப் பற்றி மறுபடி கேட்க ஆரம்பித்தார். பூனைக்கு மூச்சு வேகமாக வாங்கியது.

“நான்தான் தடவினேன்,” என்றேன். “யூகலிப்டஸ் தைலம். காலையில. நெஞ்சு, கழுத்து, நாலு காலு.”

மருத்துவர் திட்டவில்லை. பூனையின் உடம்பு இதைத் தாங்காது, நக்கினால் விஷம், வந்ததுமே சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டே பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளிடம் நான் வாங்காத திட்டு இல்லை. அன்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பூனை பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டோம். நான் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தது. பிறகு மெதுவாக நடந்து அவள் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் குனிந்து அதன் தலையைத் தடவினாள். மூன்று நாளாக என்னோடு பேசாதவள், அப்போதும் என்னிடம் பேசவில்லை.

“தைலம் தேய்ச்சத விட்டுருங்க தம்பி,” என்று பூனையிடம் சொன்னாள். “நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாரு. ஆனா நான் குடுத்த மீனாலன்னு சொன்னாரு பாருங்க, அதத்தான் என்னால மறக்க முடியல.”