பெர்லாவின் லேப்டாப்பில் கொட்டிய சூப்

பிலிப்பைன்ஸில், இலோய்லோ படகுத்துறையில் பெர்லாவின் குரலைக் கேட்காமல் யாரும் படகேறியதில்லை. பாகோலோட் படகு புறப்படப்போகிறது, மூட்டையை வழியில் வைக்காதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மேலாளர் அதையெல்லாம் பதிவு செய்துகொண்டார். அடுத்த மாதமே வேலை போய்விட்டது. குரல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

பெர்லா மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஜப்பான்காரர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். வகுப்பு நடக்கும்போது கேமராவில் யாரும் விழக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. அதனால் அவள் கணவன் தெல்பின், மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற அந்த ஆஜானுபாகு, மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தவழ்ந்துதான் அடுப்படிக்குப் போவான்.

அன்றும் தவழ்ந்தான். ஒரு கையில், பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய சுடச்சுட பாட்சோய்: எலும்பு சூப், நூடுல்ஸ், மேலே பொரித்த பூண்டு. மேசைக்கடியில் சார்ஜர் ஒயர் முழங்காலில் மாட்ட, தடுமாறி மேசையைப் பிடித்தான். கையிலிருந்த பை லேப்டாப்பின் மேல் விழுந்து வெடித்தது.

பெர்லா கத்தவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். திரையில் அவள் மாணவர் ஒகாபே சான், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், பாதி வாக்கியத்தில் மறைந்துபோனார். லேப்டாப்பைக் கவிழ்த்து, துண்டின் மேல் கூடாரம்போல் நிறுத்தினாள். நூடுல்ஸ் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கியது.

"ஒரு தடவ ஆன் பண்ணிப் பாரேன்," என்றான் தெல்பின், தரையிலிருந்தே.

"தொட்டுப் பாரு. மிச்ச சூப்ப உன் வண்டி இன்ஜின்ல ஊத்துறேன்."

அடுத்த வீட்டிலிருந்து தெல்பினின் தங்கை ரோவேனா ஒரு வாளி அரிசியோடு வந்தாள்.

"இதுக்குள்ள புதைச்சு வைங்க அண்ணி. ஈரத்த இழுத்துடும். என் போன அப்படித்தான் காப்பாத்துனேன்."

"அந்த போன் இப்ப எங்க?"

"செத்துப்போச்சு. ஆனா ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு."

"நூடுல்ஸ் இருக்கு, சூப்பு இருக்கு, அரிசியும் வந்தாச்சு. ஒரு முட்டை உடைச்சு ஊத்திட்டா மொத்தத் தெருவுக்கும் சாப்பாடு போட்டுரலாம்," என்றாள் பெர்லா. தெல்பினுக்குச் சிரிப்பு முட்டியது, சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

அவன் வண்டியிலேயே பழுதுபார்க்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரி திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வெறும் தண்ணீர் என்றால் காய வைத்தால் போதும், இதில் உப்பும் கொழுப்பும் இருக்கிறது, கழுவித் துடைக்காமல் மின்சாரம் கொடுத்தால் அவ்வளவுதான் என்றாள். கீபோர்டை மாற்ற வேண்டும். சில நாள் ஆகும்.

அதுவரை வகுப்பு போனில்தான். பெர்லாவின் போனில் கேமரா விரிசல் விட்டிருந்ததால் வெறும் குரல். ஒகாபே சானிடம் மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினாள். எப்போதும் டையைச் சரிசெய்துகொண்டு ஒற்றை வரியில் பதில் சொல்கிற மனிதர், அன்று நிறுத்தாமல் பேசினார். இளவயதில், காதலியை நினைத்துக்கொண்டே ரயிலை ஓட்டி ஒரு ஸ்டேஷனில் நிற்க மறந்து தாண்டிப்போன கதை. நடைமேடையில் நின்றவர்கள் அவருக்குக் கையாட்டினார்களாம். பெர்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இத்தன நாளா ஏன் இப்படிப் பேசல?" என்று கேட்டாள்.

ஒகாபே சான் கொஞ்சம் தயங்கினார். "டீச்சர், உங்க முகத்தப் பாத்தா, நான் எப்பத் தப்பு விடுவேன்னு காத்துக்கிட்டு இருக்குற மாதிரி தெரியும்."

சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். புருவத்துக்கு நடுவில் ஒரு மடிப்பு, அழுந்திக் கிடந்தது.

"நான் அப்படியா இருக்கேன்?"

"வகுப்புல மட்டும்," என்றான் தெல்பின் ஜாக்கிரதையாக. "அப்புறம் நான் சமைக்கிறப்ப."

லேப்டாப் பிழைத்து வந்தது. ஆனால் பெர்லா எல்லா மாணவர்களையும் கேட்டாள்: முகம் வேண்டுமா, குரல் போதுமா? பாதிக்கு மேல் குரல் போதும் என்றார்கள். அவர்களுக்கு அவள் கொல்லைப்படியில் கால்நீட்டி உட்கார்ந்து, மாங்காய் கடித்துக்கொண்டே பாடம் நடத்துகிறாள்.