ஏழுமலை அண்ணன் பார்க்காத இறுதி ஆட்டம்

தீபாவளி அன்று காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மனைவி எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சிலி நாட்டில் நடந்துகொண்டிருந்த இருபது வயதுக்குட்பட்டவர்களின் உலகக் கால்பந்துப் போட்டியில் இறுதி ஆட்டம் நம் நேரத்துக்கு அப்போதுதான் முடிந்திருக்கும். ஒன்பது மணிக்கு நானும் ஏழுமலை அண்ணனும் அந்த ஆட்டத்தின் மறு ஒளிபரப்புக்குத் தமிழில் வர்ணனை சொல்ல வேண்டும். அதுவரை யார் ஜெயித்தார்கள் என்பது எங்கள் இருவர் காதிலும் விழக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். எவனோ முடிவைச் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் முருகன் வாசலில் வந்து நின்றான். அண்ணனுடைய மைக்செட் கடையில் அவருக்கு வலதுகை அவன். வாயைத் திறப்பதற்குள், "ஸ்கோரு மட்டும் சொல்லிடாத முருகா" என்றேன்.

"ஸ்கோரு இல்ல சார். அண்ணன் பூட்டாரு."

"அதுக்குள்ள கடைக்குப் பூட்டாரா?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் கடைக்குப் போனாலும் பூட்டாருதான், ஒரேயடியாகப் போனாலும் பூட்டாருதான். முருகன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்போதும் புரியவில்லை. தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. முருகனின் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் எண்ணெய்த் தலையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அண்ணன் எழுந்து, குளித்து, புதுச் சட்டை போட்டு, அதிரசம் தின்றிருக்கிறார். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. முந்தின நாள் சாயங்காலம் கடைவீதியில் நின்று, நாளைக்கு எந்தச் சட்டை போடுவது என்று என்னோடு மல்லுக்கட்டிய மனிதர். குரல்தானே கேட்கப் போகிறது, எந்தச் சட்டையாக இருந்தால் என்ன என்றேன். ஃபைனலுக்குப் பழைய சட்டையோடு உட்கார்ந்தால் குரலிலேயே தெரிந்துவிடும் என்றார். அப்படிப் பேசியவர் மறுநாள் காலை இல்லை என்றால் அதை மண்டைக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. மேல்மலையனூர் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை மைக்கில் சொல்லிப் பெற்றோரிடம் சேர்த்தவர் அவர்தான். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அப்படிச் சேர்க்கப்பட்டவர்களாகக்கூட இருக்கலாம். கபடி, கிரிக்கெட், கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் நடக்கும் எழுவர் கால்பந்து என்று எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியன். அந்தப் போட்டிகளில் விசில் ஊதுகிறவன். பழக்கம் அப்படி வந்தது. நான் அண்ணே என்பேன், அவர் பி.டி. சார் என்பார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. கேட்டால், "அது உங்க டிபார்ட்மெண்டு சார். கொடியத் தூக்கினா தூக்கிட்டான்னு சொல்லுவேன், அவ்ளோதான்" என்பார்.

இத்தனை போட்டிகளுக்குப் பேசியவர் ஒரு போட்டியில்கூட ஜெயித்தது யார் என்று அறிவித்ததில்லை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையிலிருந்து தொண்டை கட்டக் கத்துவது அவர். கோப்பை கொடுக்கிற நேரத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர் மேடையேறி மைக்கைக் கையில் வாங்கிக்கொள்வார். பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு, ஜெயித்த அணியின் பெயரையும் அவரே சொல்வார், அதையும் தப்பாகச் சொல்வார். அண்ணன் மேடைக்குக் கீழே ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பார். சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் இந்த இளைஞர் போட்டியைத் தமிழ் வர்ணனையோடு இணையத்தில் போட ஆள் தேடியது. எங்கள் எழுவர் போட்டியின் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் அந்த நிறுவனத்தின் நிர்வாகியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஃபைனல்ல கப்பு குடுக்கும்போது மைக்கு யாருகிட்ட சார் இருக்கும்?"

உங்களிடம்தான் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. போட்டி தொடங்கும் முன்பே ஃபைனலில் ஜெயித்தவர்களை அறிவிக்கும் வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டார். நாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

கடைக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே, சுவர் முழுக்கப் போர்வை தொங்கவிட்ட அறைதான் எங்கள் ஸ்டுடியோ. ஆட்டம் அங்கே நடக்கும்போது இங்கே ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் அதை முதலிலிருந்து போடுவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டே பேசுவோம். நடந்து முடிந்த ஆட்டம்தானே, முடிவைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் தடுமாறாமல் பேசலாமே என்று முதல் நாள் யோசனை சொன்னேன். "தெரிஞ்சிட்டா வாய் நடிக்கும் சார். கேக்கறவன் கண்டுபுடிச்சிடுவான்" என்றார். அன்றிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது. அவர் வருகிற வழியில் டீக்கடைக்காரர் வேண்டுமென்றே ஸ்கோரைச் சத்தமாகச் சொல்வார் என்பதால், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கடைவீதியில் நடந்து வருவார். மைக்செட்காரருக்குக் காது போய்விட்டதாம் என்று பேச்சு கிளம்பியது. ஒரு கல்யாண வீட்டார் அதை நம்பி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பஞ்சை எடுக்கவில்லை.

கபடியில் கோட்டை விடுகிறவனை மைக்கிலேயே கிழித்துத் தொங்கவிடுகிறவர் இந்தப் பையன்களைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நான் ஏதாவது குறை சொன்னால் மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார். "இருவது வயசு ஆவல சார், அதுக்குள்ள உலகமே பாக்குது. நம்மள நிக்க வெச்சா மூத்திரம் பூடும்" என்று இடைவேளையில் திட்டினார். மைதானத்துக்குப் பின்னால் மலை தெரிந்தபோது, நம்ம கோட்டை மலை ராஜகிரி மாதிரிதான் இருக்கிறது, மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்று வர்ணனையிலேயே சொன்னார். பனி என்று நான் திருத்தினேன். கேட்டவர்களுக்குச் சுண்ணாம்புதான் பிடித்திருந்தது.

அப்புறம்தான் அந்தத் தவறு நடந்தது. உங்களில் பலர் அந்தத் துண்டு வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பையன் பெனால்டியை வெளியே அடித்துவிட்டு, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான். எந்த நாட்டுப் பையன் என்று இங்கே எழுத மாட்டேன், பாவம். மற்றவர்கள் விலகிப் போக, அவன் தனியாக உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் அண்ணனுடைய மலையனூர்க் குரல் கிளம்பியது. "வெள்ளைச் சட்டை, கறுப்பு டவுசர் அணிந்த, பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் அழுதுகொண்டிருக்கிறான். பையனின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாக மைக்செட் அருகில் வரவும்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல மறுமுறை சொல்ல மூச்சை இழுத்தார். நான் தோளைத் தொட்ட பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அவர் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

அது பரவிவிட்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். நிர்வாகி கூப்பிட்டு, இது கோயில் திருவிழா இல்லை, இனி வரும் ஆட்டங்களுக்குச் சென்னையிலிருந்து ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். நிர்வாகியின் கோபத்தைவிட என் கோபம் பெரிது. போனில் சத்தம் போட்டேன். அண்ணன் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அழுவற புள்ளயப் பாத்தா வாய் தானா அதத்தான் சொல்லுது சார், நான் இன்னா பண்றது? என்னைப் பாத்து சிரிச்சிட்டுப் போவட்டும். அந்தப் புள்ளயப் பாத்துல்ல சிரிக்கிறாங்க" என்றார். ஃபைனல் கைவிட்டுப் போனதைப் பற்றி அவர் பேசவே இல்லை, அதனாலேயே அது எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

சென்னைக்காரர் ஒரு ஆட்டம் பேசினார். சுத்தமாகப் பேசினார், என்னைவிட நன்றாகவே பேசினார். ஆனால் பார்த்தவர்கள் அந்த மைக்செட்காரர் எங்கே என்று எழுதிக் குவித்தார்கள். அந்தப் பையனின் அம்மா வந்தாளா என்றுகூடச் சிலர் கேட்டிருந்தார்கள். நிர்வாகி மறுபடியும் கூப்பிட்டு, கொஞ்சம் இறங்கின குரலில், ஃபைனல் உங்களுக்குத்தான் என்றார். ஃபைனல் அன்றைக்கே அமாவாசையும் சேர்ந்து வந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "காலைல சிலி, சாயங்காலம் மலையனூரு" என்று கடைவீதியில் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். அதே புதுச் சட்டை. மூக்கில் இருந்த பஞ்சு உறவுக்காரர்கள் வைத்தது. காதில் இருந்தது, கடைக்குக் கிளம்பத் தயாராகி அவரே வைத்துக்கொண்டது. அதையும் மாற்றிவிடலாம் என்று யாரோ குனிந்தபோது கலா அண்ணி கையைத் தட்டிவிட்டார்.

வழக்கமாக அண்ணன் போய்ச் சொல்கிற சாவுச் செய்தியை ஊருக்குச் சொல்ல அன்றைக்கு முருகன் மைக்கைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனான். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு ஏழுமலை இருப்பதால், எந்த ஏழுமலை என்று வழியெல்லாம் கேட்டிருக்கிறார்கள். மைக்கு ஏழுமலை என்று அவன் சொன்னதும், பூக்கடை அம்மா ஒருவர், "அதை நீ ஏன்டா சொல்ற? அவரு இன்னா, ஊர்ல இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாராம். முருகன் அத்தோடு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், எதைப் பேசுவது என்று தெரியாமல்தான் பேசினார். அண்ணன் இன்றைக்குப் பேசவேண்டிய ஆட்டம் முடிந்துவிட்டதாமே, போனில் வந்தது, ஜெயித்தது... என்று ஆரம்பித்தார். அதுவரை சிலை மாதிரி உட்கார்ந்திருந்த அண்ணி திரும்பினார்.

"இங்க சொல்லாத. அவரு இன்னும் பாக்கல."

அவ்வளவுதான் சொன்னார். வந்தவர் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அண்ணனுடைய முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டுவிட்டதா என்றுதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்போது நான் பார்த்தேன்.

இறுதி ஆட்டத்துக்கு யார் வர்ணனை சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நிறுவனத்திலிருந்து பிறகு கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரர் இப்போது என்னைக் கண்டால் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். கடையை முருகன் நடத்துகிறான். மைக்கும் பெட்டிகளும் அவனிடம் இருப்பதுதான் நியாயம். என்னிடம் இருப்பது நாட்டின் பெயர் இல்லாத அந்த ஒரு வாக்கியம். அந்தப் பெயரை நான் அவர் வாயால் கேட்க இருந்தவன், வேறு யார் வாயாலும் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று உங்களில் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். என்னை எங்கே பார்த்தாலும் அண்ணனைப் பற்றிப் பேசுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று கேட்கிறேன். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.