எதிர்வீட்டுப் புளியாரை

போன வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ்கூட வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியல்... ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் காய்கறி வண்டியும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கமலா டீச்சர், பொதுப் புல்தரையில் குந்தி எதையோ பறித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு சரோஜாவும் பார்த்துவிட்டார். "இன்னாக்கா, புல்லப் புடுங்கிக்கினு இருக்காங்க? இவங்க இன்னா ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?"

கேள்வி புல்லைப் பற்றியதா? இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மத்தியானம் டீச்சர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். "புளியாரத் தொவையல்க்கா. பித்தத்துக்கு நல்லது. சோத்துல போட்டுச் சாப்புடுங்க."

வாங்கி வைத்தேன். "வாயில வெக்காத" என்றார் என் கணவர். வைக்கவில்லை. முன்பின் தின்றறியாத பச்சிலை, பழக்கமில்லாத வீடு... எப்படி வைப்பது?

மறுநாள் கிண்ணம் வாங்க வந்த டீச்சர், மேஜைமேல் அது அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கியது.

"என்னிய நம்ப வேணாங்க்கா. செடியப் பாத்துட்டாவது சொல்லுங்க."

புல்தரைக்குக் கூட்டிப்போனார். தரையோடு படர்ந்த சின்னச் செடி. "காம்புக்கு மூணு எல. ஒவ்வொரு எலயும் நுனியில பொளந்து, இதயம் வரைஞ்சாப்ல இருக்குதா? பூ மஞ்சள். காய் குட்டி வெண்டக்கா மாதிரி நிமுந்து நிக்கும். கழுவி மென்னு பாருங்க... புளிக்கலன்னா துப்பிடுங்க."

மென்றேன். பல் கூசுகிற புளிப்பு!

"உளுந்து, மொளகா வறுத்து, இத வதக்கி அரைக்கணும். புளியே வேணாம். ஆனா ஜாஸ்தி சாப்புடக் கூடாது. கிட்னியில கல்லு இருக்கறவங்க தொடவே கூடாது."

விஷம் வைக்க வந்தவர் இத்தனை எச்சரிக்கை சொல்வாரா?

அன்று நானே பறித்து அரைத்தேன். கணவர் முதலில் விரல் நுனியால் தொட்டு நக்கினார். பிறகு இரண்டாம் தடவையும் சோறு கேட்டார். டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னபோது, "அப்பாடா!" என்று சிரித்தார். நிம்மதியாக இருந்தது.

அந்த தைரியத்தில் சரோஜா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். "சரிக்கா, வெச்சிட்டுப் போங்க" என்றார்.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய அன்று கிண்ணம் திரும்பி வந்தது, பளபளவென்று. சாப்பிட்டாரா, கொட்டினாரா?

கழுவிய கிண்ணத்தில் எந்தத் தடயமும் இருக்காது!