கெட்டிமேளம் ஒரு மாதம் இலவசம்

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நான் வவுனியா நகரில் அக்கா வீட்டில் தங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அத்தான் பந்தலும், ஆட்கள் இருக்கக் கதிரையும் வாடகைக்குக் கொடுப்பவர். கலியாண வீட்டுக்காரரும் செத்த வீட்டுக்காரரும் முதலில் தேடுகிற ஆள் அவர். அதனால் எங்கள் தெருவில் முதலில் கைத்தொலைபேசி வாங்கியவரும் அவர்தான்.

ஒருநாள் அதற்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அத்தானுக்கு அழைப்பு எடுப்பவர்களுக்கு மணிச் சத்தத்துக்குப் பதிலாக நாதஸ்வரமும் கெட்டிமேளமும் கேட்குமாம். முதல் மாதம் இலவசமாம். விருப்பமென்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது. அத்தான் அழுத்தினார். பிறகு வேண்டாமென்றால் எதை அழுத்துவது என்று கொம்பனி சொல்லவில்லை, அத்தானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த மேளம் அழைப்பு எடுப்பவருக்குத்தான் கேட்கும், தொலைபேசிக்கு உடையவருக்குக் கேட்காது. ஆகவே அத்தான் சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்குப் போய், காசு கொடுத்து, தன் இலக்கத்துக்குத் தானே அழைப்பு எடுத்து, இலவச மேளத்தைக் கேட்டுவிட்டு வந்தார். அக்காவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்.

மாதம் முடிந்ததை நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. கொம்பனி மறக்கவில்லை. காலையில் தொலைபேசிக்குப் போட்ட கார்ட்டுக் காசு மத்தியானம் குறைந்திருந்தது. கார்ட் விற்றவர், புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்ட முஸ்லிம் முதலாளி. பழைய கார்ட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று அத்தான் அவரோடு கொழுவப் போனார். அவர் கோபிக்காமல் தன்னுடைய தொலைபேசியில் அத்தானின் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்துப் பார்த்தார்.

“உங்கட காசைத் தின்னுறது நானில்லை அண்ணை. இந்த மேளம்தான்.”

தொடங்குவதற்கு ஒரு பொத்தான் போதுமாக இருந்தது. நிறுத்துவதற்குக் கொம்பனிக்கு எடுத்தால் முதலில் சிங்களம் வரும், பிறகு ஆங்கிலம், பிறகு விளம்பரம். தமிழ் வருகிற நேரம் தொடர்பு அறுந்துவிடும்.

இந்த இழுபறிக்குள் செட்டிகுளத்தில் ஒரு முதியவர் காலமாகிவிட, அவருடைய மகன் கதிரை கேட்டு அழைப்பு எடுத்தார். மேளத்தைக் கேட்டதும் பிழையான இலக்கமென்று வைத்துவிட்டார். மறுபடி எடுத்தபோது அத்தான் கதைத்தார்.

“அப்பா மோசம் போயிட்டார். கதிரை வேணும்,” என்றவர், தயங்கி, “உங்கட வீட்டில கலியாணமோ அண்ணை? நான் பிறகு எடுக்கட்டே?” என்று கேட்டார்.

அத்தான் தன் கடையில் வேலை செய்த பெடியள் ஒருவரையும் அனுப்பாமல் தானே லொறியில் கதிரைகளோடு போனார். அந்த மகனின் கையைப் பிடித்து நடந்ததைச் சொன்னாராம். தகப்பனின் பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி மகன் சிரித்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அத்தான் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. அத்தானின் தொலைபேசியிலிருந்து கொம்பனிக்கு விடாமல் எடுத்து எடுத்து, கடைசியில் தமிழ் கதைக்கிற ஒரு பெண்பிள்ளையைப் பிடித்தேன். மேளத்தின் தரத்தில் ஏதும் குறையா என்று விசாரித்தாள். செத்த வீட்டுக் கதையைச் சொன்னேன். உடனே நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கொழும்புத் தமிழில் சொன்னாள்:

“இனிமே எதையாவது இலவசமா எடுத்தீங்கன்னா, எடுத்த கையோட நிப்பாட்டச் சொல்லிடுங்க அக்கா. மாசம் முடியுற வரைக்கும் அது ஓடும். காசு வெட்ட மாட்டாங்க.”

நான் நன்றி சொல்லி வைப்பதற்குள் ஒரு குறுஞ்செய்தி வந்துவிட்டது. மேளத்தை விட்டு நாங்கள் பிரிந்ததில் கொம்பனிக்குப் பெரிய கவலையாம். ஆறுதலுக்கு, மேளத்தின் இடத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு, முதல் மாதம் இலவசம். அத்தான் தொலைபேசியைத் தொடாமல், அழித்துவிடச் சொல்லி என்னிடமே விட்டார்.

ஆனால் கொம்பனியின் மூளை மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. முதல் நாள் கதிரை வாடகை இலவசம், அடுத்த நாளிலிருந்து காசு என்று தன் கடை வாசலில் பலகை எழுதி வைத்தார். சனம் திருப்பிக் கொடுக்க மறந்துபோய்விடும் என்று நம்பினார். பலகையைப் பார்த்து ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கதிரைகள் எல்லாம் பொழுதுபடுவதற்கு முன்னரே, கழுவித் துடைத்த நிலையில், திரும்பி வந்து சேர்ந்தன. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவரை எழுப்பிக் கதிரையை எடுத்தார்களாம். அத்தான் அந்தக் கிழமையே பலகையைக் கழற்றிவிட்டார்.