மூன்றாவது பந்து வேண்டாம்

பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையின் வேலையில் பாதி, பாடம் நடத்துவது. மறுபாதி, ஆண்களிடம் இடம் கேட்டு நிற்பது. இதை அனுபவித்த சகோதரிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

சலுகை

யுத்த காலத்தில் தருமபுரியில் எங்கள் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் கிடையாது. உத்தியோகஸ்தர் கிளப்பின் டென்னிஸ் மைதானமோ சனிக்கிழமைக் காலைகளில் சும்மா கிடந்தது. மாணவிகளுக்காக அதைக் கேட்டேன். தம்மை ஒரு செட்டில் வென்றால் தருவதாகச் சொல்லிச் சிரித்தார், கிளப் காரியதரிசியான வக்கீல். ஆட்டத்தைத் தொடங்கும் அடியான சர்வீஸ் போட எவருக்கும் இரண்டு வாய்ப்பு. அங்கே பெண்களுக்கு மட்டும் இரக்கப்பட்டு மூன்றாவது பந்தும் உண்டு. அது வேண்டாம் என்றேன்.

"வெச்சுக்குங்க டீச்சரம்மா. பொம்பளைங்க கேட்டு வாங்கறதுல கேவலம் ஒண்ணுமில்லீங்க."

சுழற்சி

அதுவரை நான் போட்டுவந்த நேரான சர்வீஸ், சாணம் மெழுகிய அந்தத் தரையில் வழுக்கி, எதிராளியின் மட்டையிடம் பணிவாகப் போய்ச் சேரும். பந்தின் முதுகைக் கீழிருந்து மேலாக உரசிச் சுழற்றினால், விழுந்த இடத்திலிருந்து அது எம்பும் என்று புத்தகத்தில் படித்தேன். விடியற்காலைகளில் அந்த மைதானத்திலேயே பயின்றேன். ரோமம் உதிர்ந்த பழைய பந்து வலையைத் தாண்ட மறுத்தது. தாண்டிய அன்று வேலியையும் தாண்டி ஆட்டு மந்தைக்குள் போயிற்று. மைதானம் மெழுகும் மாதம்மாள்தான் எடுத்து வந்தாள்.

"பந்த அடிக்கறீங்களா, ஊர வுட்டே தொரத்தறீங்களா?"

ஊக்கு

பிழை கையில் இல்லை, சேலையில் இருந்தது. கௌரவமான ஆசிரியைக்கு உரியபடி முந்தானையை இடத்தோளில் மடித்து இரண்டு ஊக்கு குத்தியிருந்தேன். பந்தை மேலே எறிய வேண்டிய இடக்கையை அது பாதியில் இழுத்து நிறுத்தியது. தலைக்கு மேல் எழ வேண்டிய பந்து முன்னால் விழுந்தது. பதினைந்து நாள் புத்தகத்தைத் திட்டிய பிறகே இது புரிந்தது. ஊக்குகளைக் கழற்றி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினேன். அடுத்த பந்து எம்பியது. பார்த்துக்கொண்டிருந்த மாதம்மாள் கேட்டாள்:

"நாத்து நடப் போறவ எவளாச்சும் சீலைக்கு ஊக்கு குத்திக்கிட்டுப் போவாளாங்க?"

ஆட்சேபணை

பந்தய நாளன்று ஐந்துக்கு நான்கு என்று நான் முன்னணியில், சர்வீஸும் எனது. வேலிக்கு வெளியே என் மாணவிகள். முதல் பந்து வக்கீலின் இடத்தோளுக்கு எம்பியது. அவர் மட்டை காற்றை வெட்டியது. தரையில் கல் கிடப்பதாக ஆட்சேபித்தார். "நேத்து என் கையால மெழுகுனதுங்க. கல்லிருந்தா நான் முழுங்கறேன்" என்றாள் மாதம்மாள். அடுத்த மூன்றும் அதே தோளுக்குச் சென்றன; ஒன்றையும் அவர் திருப்பவில்லை; செட் எனதாயிற்று. மாணவிகளின் கூச்சல் அடங்கியதும் வலையருகே வந்து நெற்றியைத் துடைத்தார்.

"சனிக்கிழமை எத்தன மணிக்குங்க வருவாங்க உங்க புள்ளைங்க?"

பல்கலைக்கழகப் பட்டமும் பணிவான விண்ணப்பங்களும் பெற்றுத் தராத மரியாதையை, ஓர் ஆணின் தோளுயரம் எம்பிய பந்து நான்கே அடியில் பெற்றுத் தந்தது என்பதை, இன்னமும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் சகோதரிகள் கவனிக்க.